வரலாறு யாருடையது?

திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் 1895-இல் பிறந்த ஓ.பி. இராமசாமி ரெட்டியார், 1947 முதல் 1949 வரை சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்தார். ஆலய நுழைவுச் சட்டமும் தேவதாசி முறை ஒழிப்புச் சட்டமும் அவருடைய ஆட்சியில் நிறைவேறின. வாழ்க்கை வரலாறு என்றால் இத்தகைய தலைவர்களைப் பற்றியதுதான் என்பது நெடுநாள் வழக்கம்.

விழுப்புரம் அரசு கலைக் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்த த. பழமலய் அந்த வழக்கத்தை மீறினார். 1988-இல் வெளிவந்த அவருடைய 'சனங்களின் கதை' ஒரு கவிதைத் தொகுப்பு. பிறந்த ஊரான குழுமூரின் மனிதர்களும் சொந்த உறவுகளுமே அதில் பாத்திரங்கள். பட்டமோ பதவியோ இல்லாதவர்களின் பாடுகளை அவர்களுடைய பேச்சுமொழியிலேயே எழுதினார். தன்வரலாறும் ஊர்வரலாறும் அதில் ஒன்றாகிவிடுகின்றன. 1992-இல் பாமாவின் 'கருக்கு' தலித் பெண்ணின் வாழ்க்கையை உரைநடையில் கொண்டுவந்தது.

தலைவரைப் போற்றி எழுதும்போது குறைகள் மறைந்துவிடுவது உண்டு. பெற்றவர்களைப் பற்றி எழுதும்போதும் அந்த ஆபத்து இருக்கிறது. பாசத்தால் மெருகேற்றாமல் உள்ளதை உள்ளபடி சொல்வதே யதார்த்தவாதம்.

சட்டம் பிறந்த ஆண்டைத் தலைவரின் வரலாறு சொல்லும். அது தெருக்கோடி வரை வந்து சேர்ந்ததா என்பதைச் சனங்களின் கதைதான் சொல்ல வேண்டும்.