பால்பல் தந்த சான்று

சிறு வயதில் உங்கள் பால்பல் விழுந்தபோது அதை என்ன செய்தீர்கள்? நான் என் பாட்டியாரின் சொற்படி அதைச் சாண உருண்டைக்குள் வைத்துக் கூரைமேல் எறிந்தேன். அவ்வாறு செய்தால் புதுப்பல் அழகாக முளைக்கும் என்பது அவர் நம்பிக்கை. அமெரிக்க நாட்டுப் பிள்ளைகளோ விழுந்த பல்லைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு உறங்குவர்; இரவில் ஒரு தேவதை வந்து பல்லை எடுத்துக்கொண்டு காசு வைத்துப் போகும் என்பது அவர்கள் வீட்டு வழக்கம். ஆனால் அந்நாட்டின் செயிண்ட் லூயிஸ் நகரத்துப் பிள்ளைகள் 1958-ஆம் ஆண்டின் இறுதி முதல் தம் பற்களைத் தேவதைக்கு வையாமல் விஞ்ஞானிகளுக்கு அனுப்பத் தொடங்கினர். அந்த வரலாற்றையே இன்று உங்களுக்குக் கூற விரும்புகிறேன்.

இதைக் கூறுவதற்குக் காரணம் உண்டு. காற்றும் நீரும் கெடுவதைப் பற்றி வகுப்பில் பேசும்போதெல்லாம் மாணவர்கள் என்னிடம் ஒரு கேள்வி கேட்பார்கள். “ஐயா, பெரிய ஆலைகளும் அரசுகளும் விளைக்கும் கேட்டுக்குப் படிக்கும் பிள்ளைகளாகிய நாங்கள் என்ன செய்ய முடியும்?” என்பதே அது. நியாயமான கேள்விதான். அதற்கு அறிவுரை கூறுவதைவிட, நடந்த ஒன்றைக் கூறுவதே மேல் என்று கருதுகிறேன்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் வல்லரசுகள் அணுகுண்டுகளைத் திறந்த வெளியில் வெடித்துச் சோதனை செய்து வந்தன. 1951 முதல் அமெரிக்காவின் நெவாடாப் பாலைவனத்திலும் இச்சோதனைகள் நடைபெற்றன. 1954 மார்ச் முதல் நாள் பசிபிக் கடலிலுள்ள பிகினித் தீவில் வெடித்த குண்டின் சாம்பல், தொலைவில் மீன்பிடித்துக்கொண்டிருந்த ஜப்பானியப் படகு ஒன்றின்மீது பொழிந்தது. அதிலிருந்த 23 பேரும் நோயுற்றனர். அடுத்த மாதமே நம் பிரதமர் நேரு அவர்கள் இச்சோதனைகளை நிறுத்தி வைக்க வேண்டுமென்று மக்களவையில் கோரினார்.

வெடித்த இடத்தோடு கேடு நிற்பதில்லை. குண்டிலிருந்து எழும் தூசி வானில் உயர்ந்து, காற்றோடு நெடுந்தூரம் சென்று, மழையோடு மண்ணில் இறங்குகிறது. அத்தூசியில் ஸ்ட்ரான்சியம் 90 என்னும் பொருள் உண்டு. அது கதிர்வீச்சு உடையது. அதன் வீரியம் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 29 ஆண்டுகள் ஆகும். அதன் வேதியியல் இயல்போ சுண்ணாம்புச் சத்தாகிய கால்சியத்தைப் பெரிதும் ஒத்தது. ஆகவே மண்ணிலிருந்து புல்லுக்கும், புல்லிலிருந்து பசுவுக்கும், பசுவின் பாலிலிருந்து குழந்தைக்கும் அது சென்று சேர்கிறது. குழந்தையின் உடல் அதைக் கால்சியம் என்றே ஏற்று எலும்பிலும் பல்லிலும் சேர்த்துக்கொள்கிறது.

செயிண்ட் லூயிஸ் நகரின் பாலில் இப்பொருள் இருப்பது தெரிந்தபோது தாய்மார்கள் கலங்கினர். குழந்தைகளுக்குப் பால் கொடுப்பதா, நிறுத்துவதா? அச்சம் ஒருபுறம், அஞ்சவேண்டியதில்லை என்ற சமாதானம் மற்றொருபுறம். இரண்டுக்கும் நடுவில் இல்லாதது ஒன்றே, அதுதான் அளவு. உண்மையில் குழந்தைகளின் உடலில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது? உயிருள்ள குழந்தையின் எலும்பை எடுத்துச் சோதிக்க இயலாது. ஆனால் பால்பல் தானே விழுகிறது!

பல்லுக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. எலும்பு வாழ்நாள் முழுவதும் சிறிது சிறிதாகப் புதுப்பிக்கப்படுகிறது. பல்லோ உருவான காலத்தில் சேர்ந்ததைப் பெரும்பாலும் அப்படியே வைத்திருக்கும். முன்வாய்ப் பால்பற்கள் குழந்தை கருவிலிருக்கும்போதே உருவாகத் தொடங்கி, ஆறு ஏழு வயதில் விழுகின்றன. ஆகவே 1958-இல் விழுந்த பல் 1951, 1952-ஆம் ஆண்டுகளின் செய்தியைக் கூறும். பெரிய குண்டுகள் வெடிப்பதற்கு முந்திய நிலையை அறிய அந்தப் பற்களே சான்று. அப்போது சேகரிக்கத் தவறியிருந்தால் அச்சான்று என்றைக்கும் கிடைத்திராது.

அந்நகரின் விஞ்ஞானிகளும் குடிமக்களும் சேர்ந்து அமைத்த அணுசக்திச் செய்திக் குழு, பல்கலைக்கழகப் பல் மருத்துவக் கல்லூரிகளின் துணையோடு இப்பணியைத் தொடங்கியது. பேரி காமனர் என்னும் உயிரியல் அறிஞர் அக்குழுவின் தூண்களில் ஒருவர். லூயிஸ் ரைஸ் என்னும் பெண் மருத்துவர் பல் சேகரிப்புப் பணியை முதலில் தலைமையேற்று நடத்தினார். பள்ளிகளிலும் நூலகங்களிலும் பல் மருத்துவமனைகளிலும் படிவங்கள் வழங்கப்பட்டன. குழந்தை பிறந்த நாள், பிறந்த ஊர், கருவுற்றிருந்தபோது தாய் வாழ்ந்த இடம், குழந்தை அருந்திய பால் ஆகியவற்றைப் படிவத்தில் எழுதிப் பல்லோடு அனுப்ப வேண்டும். அனுப்பிய பிள்ளைக்கு, விஞ்ஞானத்துக்குப் பல் கொடுத்தவர் என்று அறிவிக்கும் சட்டைச் சின்னம் ஒன்று பரிசாக வரும். வந்த பற்களைத் தொண்டர்கள் வகை பிரித்தனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள்.

“ஒரு பல் என்ன சொல்லும்?” என்று நீங்கள் கேட்கலாம். தனிப் பல் ஒன்றும் சொல்லாது. அதிலுள்ள ஸ்ட்ரான்சியம் அளவிட முடியாத அளவுக்குச் சிறிது. ஒரே காலத்தில் பிறந்த பல பிள்ளைகளின் பற்களை ஒன்றுசேர்த்துப் பொடியாக்கிச் சோதித்த பின்னரே எண்கள் கிடைத்தன. 1961 நவம்பரில் முதல் முடிவுகள் வெளிவந்தன. 1950-களின் முற்பகுதியிலேயே அளவு ஏறத் தொடங்கியிருந்தது அவற்றால் தெரிந்தது. 1960-களின் நடுவில் பிறந்த பிள்ளைகளின் பற்களில் அது பன்மடங்கு பெருகியிருந்ததைப் பிந்திய ஆய்வுகள் காட்டின.

1963 ஆகஸ்டு 5-இல் மாஸ்கோவில் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் பிரிட்டனும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. வானிலும், விண்வெளியிலும், நீருக்கடியிலும் அணுகுண்டுச் சோதனை செய்வதை அது தடுத்தது. இந்தியாவும் அம்மாதத்திலேயே கையொப்பமிட்டது. இவ்வெற்றி பால்பற்களால் மட்டுமே வந்தது என்று நான் கூறமாட்டேன். அவ்வாறு கூறுவது வரலாற்றுக்கு அடாது. உலக மக்களின் எதிர்ப்பும், அரசியல் காரணங்களும் அதில் உண்டு. நிலத்தடிச் சோதனைகளை ஒப்பந்தம் தடுக்கவுமில்லை. அதில் சேராத சீனா 1980 வரை வானில் சோதனை நடத்திற்று. எனினும், எங்கோ பாலைவனத்தில் வெடித்தது தம் பிள்ளையின் வாய்க்குள் வந்திருக்கிறது என்பதைப் பெற்றோர் ஊகமாக அன்றி எண்ணாகவே கண்டனர். ஒப்பந்தத்துக்குப் பின் பிறந்த குழந்தைகளின் பற்களில் அளவு இறங்கலாயிற்று. நோயை மட்டுமன்றி மருந்தின் பயனையும் அதே அளவுகோல் காட்டியது.

பணி 1970-இல் முடிந்தபோது 3 லட்சத்துக்கும் மேற்பட்ட பற்கள் சேர்ந்திருந்தன. 2001-இல், பயன்படுத்தப்படாத பற்கள் ஏறக்குறைய 85,000, பல்கலைக்கழகத்தின் பழைய கிடங்கு ஒன்றில் பெட்டி பெட்டியாக அகப்பட்டன. ஒவ்வொன்றோடும் பெயரும் நாளும் எழுதிய அட்டை இருந்தது. அதனாலன்றோ புதிய ஆராய்ச்சியாளர்கள் அவற்றை மீண்டும் பயன்படுத்த முடிந்தது! அட்டையற்ற பல் வெறும் எலும்புத் துண்டே.

இவ்வரலாற்றிலிருந்து நீங்கள் கற்கத்தக்க முறை எளியது. கேள்வியைத் தெளிவாக வகுத்துக்கொள்ளுங்கள். கேடு முற்றுமுன்பே அளக்கத் தொடங்குங்கள். ஒவ்வோர் அளவோடும் நாளையும் இடத்தையும் எழுதுங்கள். ஒருவர் அளந்ததைக் கொண்டு முடிவுகட்டாமல் பலர் அளந்ததை ஒப்பிடுங்கள். கண்டதைக் கூட்டாமலும் குறைக்காமலும் ஊரார்முன் வையுங்கள். இம்முறைக்கு ஆய்வுக்கூடம் வேண்டுமென்பதில்லை. உங்கள் தெருக் கிணற்றின் நீர்மட்டத்தை ஒரு கயிற்றால் அளந்து, வாரந்தோறும் அதே கிழமையில் குறித்து வந்தால் அதுவும் விஞ்ஞானமே. பத்து மாணவர்கள் பத்துக் கிணறுகளை ஐந்து ஆண்டுகள் அளந்து குறித்த ஏடு ஊராட்சி மன்றத்தின்முன் வைக்கப்படுமானால், அதை எளிதில் ஒதுக்கிவிட எவராலும் இயலாது.

அந்தச் செயிண்ட் லூயிஸ் பிள்ளைகள் செய்தது மிகச் சிறிய செயல். விழுந்த பல்லைக் கழுவி, தாயின் உதவியோடு படிவத்தை நிரப்பி, அஞ்சலில் சேர்த்தனர். ஆனால் பிறந்த நாளைச் சரியாக எழுதினார்கள். உங்கள் ஏட்டின் முதற் பக்கத்திலும் இன்றைய நாளைச் சரியாக எழுதித் தொடங்குங்கள்.