அம்மை குத்திக்கிட்டுதான் நம்ம பாட்டிமார் கப்பல் ஏறினாங்க



ஆடி மாசம் நெருங்குது. அதுக்கு முன்னாடி ஒரு விஷயம் சொல்லணும். பதிவு கொஞ்சம் நீளம்தான், பொறுமையா படிங்க.

போன வருஷம் கூழ் ஊத்துற அன்னைக்கு ஒரு தாயார் நாலு வயசுப் பையனைத் தூக்கிக்கிட்டு கோயிலுக்கு வந்தாங்க. முகம், கழுத்து எல்லாம் நீர்க் கொப்புளம். "அம்மா வந்து மூணு நாளாச்சு, தீர்த்தம் தெளிச்சா இறங்கிடும்"னு சொன்னாங்க. வரிசையில நின்னவங்க வழி விட்டாங்க. தொண்டர்கள் நாங்களும் ஒண்ணும் சொல்லல. ரெண்டு வாரம் கழிச்சு, பூ கட்டுற குழுவுல இருந்த ஏழு மாசக் கர்ப்பிணித் தங்கச்சிக்கு அம்மை போட்டுச்சு. நுரையீரல் வரைக்கும் போயி ஆஸ்பத்திரியில பத்து நாள் படுத்திருந்தாங்க. தாயும் பிள்ளையும் இப்ப நலம், அம்மன் புண்ணியம். ஆனா அன்னைக்கு நாங்க வாய் திறக்காதது எங்க தப்புதான்.

அந்தத் தாயாரை நாங்க குறை சொல்லல. "அம்மா வந்திருக்கு"ன்னு சொல்ற பழக்கம் நம்ம எல்லார் வீட்டுலயும் இருக்கு. அது எங்கிருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டா நல்லது.

அந்தக் காலத்துல அம்மைன்னா பெரியம்மை. பத்துப் பேருக்கு வந்தா மூணு பேர் செத்துப் போவாங்க. பிழைச்சவங்களுக்கும் முகம் பூராவும் தழும்பு, சிலருக்குக் கண்ணே போயிடும். அதைக் குணப்படுத்த எந்த நாட்டு வைத்தியர்கிட்டயும் மருந்து இல்ல. அப்ப ஜனங்க யாரைக் கூப்பிடுவாங்க? மாரியம்மனைத்தான் கூப்பிட்டாங்க. கடல் தாண்டி வந்தவங்க அம்மனையும் கூடவே கொண்டு வந்தாங்க. சிங்கப்பூர்ல 1827, பினாங்குல 1833, கோலாலம்பூர்ல 1873-ன்னு மாரியம்மன் கோயில்கள் எழும்புச்சு. அப்புறம் தோட்டத்துக்குத் தோட்டம், லயத்துப் பக்கத்துலயே ஒரு மாரியம்மன் கோயில்.

வீட்டுல அம்மை வந்தா பெரியவங்க என்ன செஞ்சாங்க? வாசல்ல வேப்பிலை சொருகுவாங்க. அதைப் பார்த்தா வெளியாள் உள்ள வரமாட்டாங்க. நோயாளிக்குத் தனிப் பாய், தனித் துணி. தாளிப்பு கிடையாது, கவிச்சி கிடையாது. இளநீர், கூழ் கொடுப்பாங்க. பக்கு எல்லாம் காய்ஞ்சு விழுந்த பிறகு வேப்பிலை மஞ்சள் போட்டுத் தலைக்குத் தண்ணி ஊத்துவாங்க. அது வரைக்கும் அந்த வீட்டுக்காரங்க கல்யாணத்துக்கும் போகமாட்டாங்க, கோயிலுக்கும் வரமாட்டாங்க. இன்னைக்கு டாக்டர் "தனிமைப்படுத்துங்க"ன்னு சொல்றாரு இல்லையா, அதேதான் இது. கிருமின்னு பேர் தெரியாது, ஆனா ஒட்டும்னு தெரியும். அப்படின்னா கொப்புளத்தோட பிள்ளையைக் கோயிலுக்குத் தூக்கிட்டு வர்றது பாட்டி சொன்ன முறைக்கும் விரோதம்தான்.

ஆனா இந்தக் கட்டுப்பாட்டால பெரியம்மை பரவறது குறையும், அடியோட ஒழியாது. அதை ஒழிச்சது ஊசி. 1796-ல் இங்கிலாந்துல எட்வர்ட் ஜென்னர் மாட்டு அம்மைப் பாலை எடுத்து ஒரு பையன் கையில குத்திப் பார்த்தார். மாட்டு அம்மை வந்த பால்காரப் பெண்களுக்குப் பெரியம்மை வர்றதில்லன்னு அந்த ஊர்ல ஒரு பேச்சு இருந்துச்சு. 1802-ல் அந்த முறை பம்பாய்க்கு வந்துச்சு. நம்ம ஜனங்க பயந்தாங்க. ஊசி போட்டா அம்மா கோவிச்சுக்குவான்னு நினைச்சவங்க நிறைய. சென்னையில அதிகாரியா இருந்த எல்லிஸ் துரை, திருக்குறள்ல ஒரு பகுதியை ஆங்கிலத்துக்குக் கொண்டு போனவர், இதுக்குன்னே தமிழ்ல ஒண்ணு எழுதினார். சக்தியும் தன்வந்திரியும் பேசிக்கிற மாதிரி, இதுவும் பசு கொடுத்த வரம்னு எழுதினார். சாமி பேரைச் சொல்லித்தான் ஊசியை ஜனங்ககிட்ட கொண்டு போகவேண்டி இருந்துச்சு.

கடைசியில நம்மாளுங்க ஏத்துக்கிட்டாங்க. அதுக்கு வச்ச பேரைப் பாருங்க: "அம்மை குத்துறது". மலாயாவுக்கு ஆள் கட்டினப்போ நாகப்பட்டினம், ஆவடி முகாம்கள்லயே அம்மை குத்தித்தான் கப்பல் ஏத்தினாங்க. இந்தப் பக்கம் இறங்கினதும் பினாங்குக்குப் பக்கத்துல புலாவ் ஜெரஜாக், சிங்கப்பூர்ல செயின்ட் ஜான்ஸ் தீவுன்னு தனியா வச்சுப் பார்த்த பிறகுதான் வெளியே விடுவாங்க. உங்க பாட்டி கையில வட்டத் தழும்பு பார்த்திருப்பீங்களே, அதுதான். அந்தத் தழும்போட வந்தவங்கதான் வேப்ப மரத்தடியில சூலம் நட்டுக் கும்பிட்டாங்க. அவங்களுக்கு ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு இடிக்கல.

1977-ல் சோமாலியாவுல இயற்கையா வந்த கடைசிப் பெரியம்மை. 1980 மே மாசம், உலகத்துலயே பெரியம்மை இல்லன்னு உலக சுகாதார நிறுவனம் அறிவிச்சுச்சு. நோய் போயிடுச்சு, ஆனா அம்மன் எங்கயும் போகல. நம்ம கோயில்கள்ல கூட்டம் குறையவும் இல்ல. நோய்தான் அம்மான்னா, நோய் ஒழிஞ்ச அன்னைக்கே அம்மாவும் போயிருக்கணுமே?

இப்ப வர்றது சின்னம்மை. அது வேற கிருமி. காத்துலயும் ஒட்டும், தொட்டாலும் ஒட்டும். கொப்புளம் தெரியறதுக்கு ஒண்ணு ரெண்டு நாள் முன்னாடியே பரவ ஆரம்பிக்கும், எல்லாப் பக்கும் காயுற வரைக்கும் பரவும். உடம்பு தேறின பிறகும் கிருமி நரம்புல தூங்கிட்டு இருக்கும். வயசான காலத்துல அக்கியா வர்றது அதேதான்.

இன்னொண்ணு. "என்ன தெய்வக் குத்தம் பண்ணினே"ன்னு பெத்தவளைக் கேக்காதீங்க. காய்ச்சல்ல துடிக்கிற பிள்ளையை வச்சிக்கிட்டு இருக்கிறவ, இந்தப் பேச்சுக்குப் பயந்துதான் கிளினிக்குக்குப் போகாம கோயிலுக்கு ஓடி வர்றா.

அதனால இந்த ஆடியில இருந்து எங்க தொண்டர் குழு சில முடிவு எடுத்திருக்கோம்:

1. அம்மை கண்ட வீட்டுக்குத் தீர்த்தம், விபூதி, வேப்பிலை எல்லாம் நாங்களே கொண்டு வந்து வாசல்ல கொடுப்போம். அர்ச்சனைக்குப் பேர் நட்சத்திரம் அனுப்பினா போதும்.

2. முதல்ல டாக்டரைப் பாருங்க. பெரியவங்களுக்கு வந்தா அன்னைக்கே போங்க, கிருமி மருந்து சீக்கிரம் ஆரம்பிச்சாத்தான் பலன். பிள்ளைங்களுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. மூச்சு வாங்கினாலோ, பிள்ளை எழுப்பியும் எழாம சோர்ந்து கிடந்தாலோ நேரா ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.

3. கர்ப்பிணிகள், கைக்குழந்தைங்க, புற்றுநோய் சிகிச்சையில இருக்கிறவங்க அம்மை வீட்டுப் பக்கம் போகாதீங்க.

4. தட்டம்மை ஊசி அரசாங்க கிளினிக்குல 9 மாசத்துலயும் 12 மாசத்துலயும் பிள்ளைங்களுக்குப் போடுறாங்க. தவற விடாதீங்க.

வேப்பிலையை விடுங்கன்னு நாங்க சொல்லல. அதை வாசல்ல கட்டிட்டு, பிள்ளையை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. தண்ணி ஊத்தின பிறகு பிள்ளையோட கோயிலுக்கு வாங்க. அம்மனுக்கு மாவிளக்கு போடலாம், நாங்களும் கூட நிக்கிறோம்.

குடும்ப வாட்சாப் குரூப்புல பகிருங்க. முக்கியமா வீட்டுப் பெரியவங்களுக்குப் படிச்சுக் காட்டுங்க.

ஓம் சக்தி, பராசக்தி.