உக்ரேனியர் உடையும் பழைய நிழற்படங்களும்

ஒரு நாட்டாரின் பழைய உடையைக் காட்சிச்சாலையிற் காணலாம். அதனை உடுத்திய முறையைக் காண்பது அரிது. உக்ரேன் மகளிர் பூவேலை செய்த நீண்ட சட்டையின்மேல் ‘பிளாஹ்தா’ என்னும் கட்டமிட்ட துணியை இடையிற் சுற்றிக் கட்டினர். கழுத்திற் பவள வடங்கள் அணிந்தனர். கன்னியர் தலையில் மலர்வளையம் சூடுவர். மணமான பெண்ணோ கூந்தலை மூடியே வெளிவருவாள். அத்தலைத்துணியை எவ்வாறு சுற்றி எங்கே முடிந்தனர் என்பதற்குப் பழைய நிழற்படங்களே நல்ல சான்று.

இவற்றைத் தேடித் திரட்டியவருள் இவான் ஹொன்சார் (1911–1993) என்னும் சிற்பியைத் தலையாயவர் என்பேன். ஊர்தோறும் சென்று உடைகளோடு படங்களையும் சேர்த்து, கீவ் நகரில் தம் இல்லத்தையே காட்சிச்சாலையாக்கினார். சோவியத் ஆட்சியாளர் இதனைத் தேசியவாதமென ஐயுற்று நெருக்கடி தந்தனர். அவரோ படங்களை வட்டாரவாரியாக அமைத்து 18 தொகுதிகள் ஆக்கினார். 1932–33ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் பல இலட்சம் பேர் மாண்ட நாட்டில், சுவரில் மாட்டிய ஒரு படம் எளிய பொருளன்று.

கறுப்பு வெள்ளைப் படத்திற்குக் குறையும் உண்டு. பொல்தாவா வட்டாரத்தில் வெண்துணியில் வெண்ணூலாற் செய்த பூவேலை புகழ்பெற்றது. படத்தில் அது வெறுந்துணி போலவே தோன்றும். துணியும் படமும் ஒருங்கிருந்தாலன்றி அதன் அருமை விளங்காது. ஹொன்சார் இரண்டையுமே சேர்த்துவைத்தார். அவர் மறைந்த 1993ஆம் ஆண்டிலேயே அத்திரட்டு நாட்டின் பொதுக் காட்சிச்சாலையாயிற்று.