நிரல் எதைச் சரிபார்க்கிறது? மாயச் சதுர வரையறையின் வரலாறு

தாராவி, மாட்டுங்கா, செம்பூர் என்று தொடங்கி இன்று சான்பாடாவரை பரவியிருக்கும் மும்பைத் தமிழர் வீடுகளுக்குக் குபேர கோலம் புதிதல்ல. மேல் வரிசையில் 27, 20, 25. நடுவில் 22, 24, 26. கீழே 23, 28, 21. எந்த வரிசையைக் கூட்டினாலும், மூலைவிட்டங்களைக் கூட்டினாலும் 72. இதே கோலத்தைப் பாடநூல் வரையறைப்படி எழுதிய கணினி நிரலிடம் கொடுத்தால், 'மாயச் சதுரம் அல்ல' என்று தள்ளிவிடும். அது கேட்பது 1 முதல் 9 வரையான எண்களை. கோலத்தில் இருப்பவையோ 20 முதல் 28 வரை. சரி, அந்த நிபந்தனையை எடுத்துவிடலாம் என்றால், ஒன்பது கட்டத்திலும் 5 என்று நிரப்பியதுகூடத் தேறிவிடும். ஆக, கூட்டிப் பார்ப்பதற்கு முன்பே எது மாயச் சதுரம் என்ற தீர்ப்பு நிரலுக்குள் எழுதப்பட்டுவிடுகிறது. இந்தியக் கணித மரபு இந்தத் தீர்ப்பைப் பாடநூலைவிட அகலமாகவும், வேறொரு கோணத்தில் அதைவிடக் கறாராகவும் வகுத்திருந்தது என்பதே இங்கு முன்வைக்கும் வாதம்.

கோலத்தின் ஒவ்வோர் எண்ணிலிருந்தும் 19ஐக் கழித்தால் 8, 1, 6. 3, 5, 7. 4, 9, 2 என்று வரும். இது பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் தூதராக 1687இல் சயாமுக்குப் போன சிமோன் தெ லா லூபேர் 1691இல் வெளியிட்ட முறையில் கிடைக்கும் சதுரமேதான். மேல் வரிசையின் நடுவில் 1ஐ வைத்து, வலப்புறம் மேல்நோக்கிச் சாய்வாக ஏறி, வழி அடைபட்டால் ஒரு கட்டம் கீழே இறங்குவது அந்த முறை. சூரத் நகரத்து இந்தியர்கள் இப்படித்தான் நிரப்புகிறார்கள் என்று ஊர் திரும்பும் கப்பலில் வின்சென்ட் என்பவர் தமக்குச் சொன்னதாக லா லூபேரே எழுதுகிறார். ஐரோப்பாவில் அது 'சயாம் முறை' ஆகிவிட்டது வேறு கதை. இந்த ஒற்றுமையை வைத்துச் சூரத்துக்கும் கோலத்துக்கும் உறவு கற்பிக்க முடியாது. 1 முதல் 9 வரை நிரப்பும் சதுரம் உண்மையில் ஒன்றே. சுழற்றியும் கண்ணாடியில் காட்டியும் எட்டு வடிவங்கள் கிடைக்கும், அவ்வளவுதான். எட்டில் ஒன்று பொருந்துவது தற்செயலாகவே நடக்கக்கூடியது.

19ஐக் கழித்தால் பாடநூல் சதுரம் வந்துவிடுகிறதே, பிறகு வரையறையை அகலப்படுத்துவானேன் என்று கேட்கலாம். தொடர் எண்களுக்கு அந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் நாராயண பண்டிதர் 1356இல் எழுதிய 'கணித கௌமுதி'யில் மாயச் சதுரங்களைப் பற்றிய பத்ரகணிதப் பகுதி எதிர்த்திசையிலிருந்து தொடங்குகிறது. வேண்டிய கூட்டுத்தொகையை முதலில் வைத்துக்கொண்டு, அதற்கேற்ற முதல் எண்ணையும் பொது வித்தியாசத்தையும், முழு எண் விடைகளைத் தேடும் குட்டக முறையால் கண்டுபிடிக்கிறது. ராமானுஜன் இன்னும் ஒரு படி மேலே போனார். அவருடைய குறிப்பேட்டின் முதல் அத்தியாயமே மாயச் சதுரங்கள்தான். அங்கே எண்களுக்குப் பதில் எழுத்துகளை இட்டு, இரு சதுரங்களைக் கூட்டி மூன்றாவதைப் பெறுகிறார். இப்படிப் பிறக்கும் சதுரங்கள் எல்லாவற்றையும் ஓர் எண்ணைக் கழித்து 1, 2, 3 என்ற தொடராக்கிவிட முடியாது. நிரல் கேட்க வேண்டியது எண்கள் ஒன்றுக்கொன்று வேறானவையா என்பதை மட்டுமே. 1இல் தொடங்குகிறதா என்பதைத் தனித் தகவலாகச் சொன்னால் போதும்.

கறார்த்தன்மைக்குச் சான்று கஜுராஹோவில் இருக்கிறது. பார்சுவநாதர் கோயிலில் பொறித்த சதுரம் 7, 12, 1, 14. 2, 13, 8, 11. 16, 3, 10, 5. 9, 6, 15, 4. பாடநூல் சோதனை இதில் பத்துக் கூட்டல்களோடு நின்றுவிடும். ஒரு விளிம்பில் முடிந்து எதிர் விளிம்பில் தொடரும் முறிந்த மூலைவிட்டங்களையும் சேர்த்தால் பதினாறு; பதினாறிலும் 34. ஜெர்மானிய ஓவியர் டியூரர் 1514இல் செதுக்கிய புகழ்பெற்ற சதுரம் பத்தில் தேறும், பதினாறில் தேறாது. கஜுராஹோ வகைச் சதுரங்கள் 384 என்று நாராயணர் கணக்கிட்டார். சதுரங்கக் குதிரையின் நகர்வால் அத்தனையையும் அமைத்துக் காட்டுவது வேறு, அவற்றுக்கு வெளியே ஒன்றுமில்லை என்று நிறுவுவது வேறு என்பது சரியான ஆட்சேபம். அந்த நிறுவல் 1938இல் ராசர், வாக்கர் என்ற இரு கணிதவியலர்களிடமிருந்து வந்தது. பின்னாளில் கணினி உண்மையில் கைகொடுத்தது இத்தகைய இரண்டாவது வேலையில்தான். 16 எண்களை 2,09,22,78,98,88,000 விதமாக அடுக்கலாம். எல்லாவற்றையும் அடுக்கி முடித்துக் கூட்டிப் பார்ப்பது வீண். ஒரு வரிசையில் மூன்று கட்டம் நிரம்பினால் நான்காவது தானே தெரிந்துவிடும், அங்கேயே வெட்டிவிடலாம். சரிபார்த்தல் இப்படித் தேடலுக்குள் புகுந்த பிறகே, சுழற்றியும் கண்ணாடியில் காட்டியும் கிடைக்கும் வடிவங்களைத் தனியாக எண்ணாமல் ஐந்துக்கு ஐந்து சதுரங்கள் 27,53,05,224 என்று 1973இல் ரிச்சர்ட் ஷ்ரோப்பலால் எண்ணி முடிக்க முடிந்தது.

காட்டும் விதத்திலும் வரையறை ஒளிந்திருக்கிறது. ராமானுஜன் குறிப்பேடுகளை 1957இல் நகல் பதிப்பாக வெளியிட்ட மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையம்தான் டிஃப்ராக் கணினியையும் கட்டியது. 1960இல் செயலுக்கு வந்த அந்தக் கணினியின் விடைகளை எதிர்மின்கதிர்க் குழாய்த் திரையில் எழுத்தாகவும் வரைபடமாகவும் பார்க்க முடிந்தது. இன்றைய நிரல்கள் பெரும்பாலும் எண்களை நேர்கோட்டில் அடுக்குவதோடு திருப்திப்படுகின்றன. (1க்கும் 16க்கும் ஒரே அகலம் ஒதுக்காமல் அதையும் கோட்டைவிடுபவை உண்டு.) ஒற்றைச் சதுரமாக அச்சிட்டால் முறிந்த மூலைவிட்டம் கண்ணில் படாது. அதே சதுரத்தைப் பக்கத்திலும் கீழேயும் திரும்ப அச்சிட்டால் அது நேர்கோடாகிவிடும். அப்படி விரித்த பரப்பில் ஒரு பத்தி வலப்புறம் தள்ளி நான்குக்கு நான்காக வெட்டினால், கஜுராஹோவில் 12, 8, 5, 9 மூலைவிட்டமாகி 34 தருகிறது; டியூரரிடம் 3, 11, 12, 4 வந்து நின்று 30 தருகிறது.