திண்ணை, டீக்கடை, வாட்ஸ்அப்: யாரு உக்காந்து பேசுனாங்க?

சம்பா நடவு முடிஞ்சு ரெண்டு நாளா மழை. வயல்ல வேலை இல்லாததால டீக்கடையில உக்காந்திருந்தேன். கல்லூரி போற தம்பி ஒருத்தன் கேட்டான்: "மாமா, ஃபோன் வர்றதுக்கு முன்னாடி ஊர்ல எல்லாரும் ஒண்ணா உக்காந்து பேசுவீங்களாமே?"

ஆமான்னு சொல்ல வாயெடுத்தேன். அதுக்குள்ள பக்கத்துல இருந்த அண்ணன் சிரிச்சுட்டாரு. அவரு காலனித் தெரு, என்னைவிட மூணு வயசு மூத்தவரு. "எல்லாருமா? நான் எங்க நின்னேன்னு உங்க மாமாவக் கேளு"ன்னாரு.

அந்தச் சிரிப்பு ரெண்டு நாளா மனசுல உறுத்துது. அதான் எழுத உக்காந்தேன்.

ஊர்ப் பேச்சுன்னா முதல்ல திண்ணைதான் ஞாபகம் வரும். எங்க பழைய வீட்டுலயும் ரெண்டு பக்கமும் திண்ணை இருந்துச்சு. வழிப்போக்கன் படுத்து எந்திரிச்சுப் போவான். மத்தியானம் தாயம் ஆடுவாங்க. நெல் விலை, கல்யாணப் பேச்சு, பங்காளித் தகராறு எல்லாமே அங்கதான். அந்தக் காலத்துல பள்ளிக்கூடமே திண்ணையில நடந்துச்சு. எங்க பக்கம் பாபநாசத்துக்கிட்ட உத்தமதானபுரத்து உ.வே.சாமிநாதையர் சின்ன வயசுல திண்ணைப் பள்ளிக்கூடத்துலதான் படிச்சாரு.

ஆனா திண்ணை எல்லாருக்கும் இல்ல. பண்ணையில வேலை செஞ்சவங்க துண்டைக் கக்கத்துல வச்சுக்கிட்டுத் தெருவுல நின்னுதான் பேசணும். பேசணும்னு கூடச் சொல்ல முடியாது. கேட்டுக்கணும், அவ்வளவுதான்.

இது இன்னைக்கு நேத்து வந்தது இல்ல. உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பத்தி எல்லாரும் பெருமையாப் பேசுறோம். முதலாம் பராந்தக சோழன் காலத்துல, 919-லயும் 921-லயும் வெட்டினது. ஊர 30 குடும்பாப் பிரிச்சு, ஓலையில பேர் எழுதிக் குடத்துல போட்டு, சின்னப் பையன விட்டு எடுக்கச் சொல்லி ஆள் தேர்ந்தெடுத்திருக்காங்க. ஆயிரம் வருசத்துக்கு முந்தி இது பெரிய விசயம்தான். ஆனா அந்தக் குடத்துல யார் பேரு விழும்னும் அதே கல்வெட்டுல இருக்கு. கால் வேலிக்கு மேல நிலம் வேணும், சொந்த மனையில வீடு வேணும், 35 வயசுக்கு மேல 70-க்குள்ள இருக்கணும், வேதம் தெரிஞ்சிருக்கணும். எங்க தஞ்சாவூர்க் கணக்குல கால் வேலின்னா ஒண்ணேமுக்கால் ஏக்கருக்குக் கொஞ்சம் குறைச்சல். நிலத்துல நான் தேறிடுவேன், வேதத்துல விழுந்துடுவேன். பொம்பளைங்களுக்கும் நிலமில்லாதவங்களுக்கும் குடம் இருந்த பக்கமே வேலை இல்ல.

நின்னுக்கிட்டே இருந்தவங்க உக்காந்து பேச ஆரம்பிச்சது 1940-கள்ல. பி.சீனிவாசராவ் நம்ம ஊர்க்காரரு இல்ல, தென்கன்னடத்துலேருந்து வந்தவரு. தஞ்சாவூர் ஜில்லாவுல கூலிக்காரங்க குடிசையிலயே தங்கி, அவங்களோட உக்காந்து பேசினாரு. சாணிப்பால் குடிக்க வைக்கிறது, சவுக்கால அடிக்கிறது இதெல்லாம் கூடாதுன்னு 1944-ல மன்னார்குடியில ஒப்பந்தம் ஆச்சு. திண்ணையில கிடைக்காத நியாயம் குடிசை வாசல்ல உக்காந்து பேசினதுல வந்துச்சு.

அப்புறம் ரேடியோ. திருச்சி வானொலி நிலையம் 1939-ல ஆரம்பிச்சது. எங்க அப்பா சொல்லுவாரு, பஞ்சாயத்து ரேடியோவ ஒலிபெருக்கியில போட்டா சாயங்காலம் ஊரே கூடுமாம். ஆடுதுறை 27 நெல் வந்தப்ப அத எப்படி நடணும், எவ்வளவு உரம் போடணும்னு ரேடியோவுல சொல்லிச் சொல்லி, அதுக்கு 'ரேடியோ நெல்'லுன்னே பேர் வந்துடுச்சு. சத்தத்துக்குத் தெரு தெரியாது. தூரத்துல நின்னவங்க காதுலயும் விழுந்துச்சு. ஆனா நின்னவங்க நின்னுக்கிட்டேதான் கேட்டாங்க.

டீக்கடை அதுக்குப் பின்னாடி ஓங்குச்சு. டீ ஒண்ணும் நம்ம பாட்டன் பூட்டன் குடிச்சது இல்ல. 1930-கள்ல தேயிலையப் பரப்ப நினைச்சவங்க சந்தைக்குச் சந்தை போய்ப் போட்டுக் காட்டி, சும்மாவே குடுத்துப் பழக்கினாங்க. 1942-ல மதுரையில சி.பா.ஆதித்தனார் தினத்தந்தி ஆரம்பிச்சாரு. எழுத்துக்கூட்டிப் படிக்கிறவனுக்கும் புரியுற தமிழ். டீயும் பேப்பரும் ஒரே பெஞ்சுல சேர்ந்துச்சு. ஒருத்தர் சத்தமாப் படிப்பாரு, பத்து பேர் கேப்பாங்க, இருபது பேர் சண்டை போடுவாங்க.

இப்ப அண்ணன் சிரிச்சதுக்கு வர்றேன்.

எனக்குப் பத்து வயசு இருக்கும், 1980 வாக்குல. கடைக் கீத்துல ரெண்டு கிளாஸ் தனியாச் செருகியிருக்கும். காலனிக்காரங்க வந்தா அத அவங்களே எடுத்துக் கழுவி நீட்டணும், மேலேருந்து ஊத்துவாங்க. பெஞ்சுல உக்காரக் கூடாது. தீண்டாமை குற்றம்னு 1955-லயே சட்டம் வந்துடுச்சு. எங்க ஊர்க் கீத்துக்கு அது தெரியல. நான் பெஞ்சுல உக்காந்து அப்பா வாங்கிக் குடுத்த பன்னைத் தின்னுக்கிட்டிருப்பேன். அண்ணன் வேப்பமரத்தடியில நின்னு குடிப்பாரு. என்னைவிட மூத்தவர நான் பேரச் சொல்லிக் கூப்பிடுவேன். அவரு என்னைச் 'சின்னய்யா'ம்பாரு. அப்ப எனக்கு அது தப்பாவே தெரியல. அதுதான் இன்னைக்கு உறுத்துது.

திருப்பூருக்கு வேலைக்குப் போய்த் திரும்புன நாலு பசங்க ஒருநாள் நேரா பெஞ்சுல உக்காந்து, "எல்லாருக்கும் குடுக்குற கிளாஸ்லயே குடுங்க"ன்னாங்க. அதுல அண்ணனும் ஒருத்தரு. கடைக்காரரு நாலு நாள் கடையச் சாத்திட்டாரு. அஞ்சாம் நாள் தொறந்தாரு. தனி கிளாஸ் இல்ல. எங்க அப்பா ஒரு மாசம் அந்தப் பக்கம் போகல. அப்புறம் போனாரு. டீக்காக இல்ல, பேச்சுக்காக. மனுசனால டீ இல்லாம இருந்துட முடியும், நாலு பேர் பேச்சு இல்லாம இருக்க முடியாது.

எங்க அம்மா மட்டும் கடைசி வரைக்கும் டீக்கடைப் படி மிதிச்சதே இல்ல. அவங்க பேச்செல்லாம் குளத்துப் படித்துறையில, நடவு வயல்ல. குனிஞ்ச தலை நிமிராம நாத்து நட்டுக்கிட்டே ஊர் நியாயம் முழுக்க அலசிடுவாங்க. பின்னாடி மகளிர் சுய உதவிக் குழு வந்துச்சு. தமிழ்நாட்டுல 1989-ல தர்மபுரியில தொடங்குன திட்டம் அது. அதுக்கப்புறம்தான் பொம்பளைங்க பாய் விரிச்சு உக்காந்து, நோட்டுல கையெழுத்துப் போட்டுப் பேசினாங்க.

இப்ப வாட்ஸ்அப். எங்க ஊர்க் குரூப்புல எல்லாத் தெருவும் இருக்கு. சிங்கப்பூர்ல இருக்கற பையனும் இருக்கான். டீக்கடைக்கு வராத பொம்பளைங்க அதுல 'ரேஷன்ல பருப்பு வந்துச்சா'ன்னு கேக்குறாங்க. அது நல்லதுதான்.

ஆனா போன குறுவையில நடந்ததக் கேளுங்க. முறை வச்சுத் தண்ணி பாய்ச்சுற நேரம். ராத்திரி ஒருத்தன் மதகைப் போட்டோ எடுத்து, 'மேல்மடைக்காரன் தண்ணிய அடைச்சுட்டான்'னு போட்டான். விடியுறதுக்குள்ள பேச்சு அப்பன் பாட்டன் வரைக்கும் போயிடுச்சு. காலையில அந்த ரெண்டு பேரும் டீக்கடையில முதுகக் காட்டி உக்காந்திருந்தாங்க. அண்ணன்தான் டம்ளரக் கீழ வச்சுட்டு, "எந்திரிங்க, போய்ப் பார்த்துடுவோம்"ன்னாரு. போனோம். பலகைக்கு அடியில ஒரு வாழைமரம், அதச் சுத்தி ஆகாயத்தாமரை. நாலு பேர் இறங்கி இழுத்தோம், தண்ணி போச்சு. போட்டோவுல மேல்தண்ணிதான் தெரிஞ்சுச்சு.

இன்னொண்ணும் சொல்லணும். ஊர்க் குரூப் போக ஒவ்வொரு தெருவுக்கும் தனித்தனி குரூப் இருக்கு. உண்மையான பேச்சு அங்கதான் நடக்குது. கீத்துல செருகியிருந்த தனி கிளாஸ்தான் எனக்கு ஞாபகம் வருது.

அந்தத் தம்பிக்கு இப்பப் பதில் சொல்றேன். எல்லாரும் ஒண்ணா உக்காந்து பேசுன காலம்னு ஒண்ணு பின்னாடி இல்லப்பா. உக்கார்றதுக்கு ஒவ்வொருத்தரும் சண்டை போட்டுத்தான் இடம் பிடிச்சாங்க. சாதி, நிலம், ஆம்பள பொம்பள எதுவும் பார்க்காம, வாக்காளர் பட்டியல்ல பேர் இருந்தாப் போதும்னு சட்டமே போட்ட இடம் கிராம சபை. 1992-ல அரசியல் சட்டத்தத் திருத்தி, 1994-ல தமிழ்நாட்டுச் சட்டமாச்சு. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2-ன்னு கூடும். இப்ப மார்ச் 22, நவம்பர் 1-ம் சேர்ந்திருக்கு. போன தடவை எங்க ஊர்ல போட்ட நாற்காலியில பாதி காலி. உக்கார விடாம வச்சிருந்த ஊர்ல, இப்ப உக்கார ஆள் இல்ல.

அடுத்த கூட்டத்துக்கு மதகுக்கு ஷட்டர் போடக் கேட்டு மனு எழுதி வச்சிருக்கேன். முதல் கையெழுத்து அண்ணன் போட்டாரு, ரெண்டாவது நான். தம்பி, நீயும் வா. ஃபோனப் பையில வச்சுட்டு வா.