பனிமலைக்குக் கிளம்பும் சேலம், நாமக்கல் மக்களுக்கு: அந்த "ரெண்டு நாள் ரெஸ்ட்" எங்கிருந்து வந்தது?

லடாக், கேதார்நாத், அமர்நாத், கைலாயம்... பாஸ்போர்ட் கையில இருந்தா ஐஸ்லாந்து பனியாறு வரைக்கும்!

சேலம், ராசிபுரம், நாமக்கல், திருச்செங்கோடுன்னு நம்ம பக்கத்துல இருந்து இப்படி டூர் கிளம்புறவங்க டாக்டர்கிட்ட கேக்குற முதல் கேள்வி, "எத்தனை ஸ்வெட்டர் எடுத்துக்கணும் சார்?"

ரெண்டாவது கேள்வி, "லே போய் இறங்கினதும் ரெண்டு நாள் ரூம்லயே இருக்கச் சொல்றாங்க. காசுதான் வேஸ்ட். அதைக் கட் பண்ணிட்டு நேரா பாங்காங் ஏரிக்குப் போயிடலாமா?"

இந்த ரெண்டாவது கேள்விக்காகத்தான் இந்த நீண்ட பதிவு. டூர் பிளான்ல காலியா கிடக்குற அந்த ரெண்டு நாளுக்குப் பின்னாடி ஒரு வரலாறு இருக்கு. பொறுமையா படிங்க.

முதல்ல நாம எங்க இருக்கோம்னு பார்ப்போம்.

சேலம் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 280 மீட்டர் உயரம். நாமக்கல் அதைவிடக் கொஞ்சம் கீழே. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். கொல்லிமலை ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர்.

உயரத்தால் வரும் நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேலதான் தலைகாட்டும். தமிழ்நாட்டிலேயே உயரமான தொட்டபெட்டா 2,637 மீட்டர். அங்கேயும் போட்டோ எடுத்துட்டு இறங்கிடுவோம், ராத்திரி தங்குறதில்லை.

ஆனா லே 3,500 மீட்டர். கேதார்நாத் 3,583. அமர்நாத் குகை 3,888. கைலாயத்தைச் சுத்தி வரும்போது தாண்டுற டோல்மா கணவாய் 5,600க்கும் மேல.

ஆக, கொல்லிமலையோட 70 கொண்டை ஊசி வளைவையும் நடந்தே ஏறிப் பழகினாலும் கால்தான் பழகும். நுரையீரலுக்கு அந்த உயரம் பழகாது. அதுக்கு நம்ம ஊர்ல இடமே கிடையாது.

இது இன்னைக்கு நேத்து தெரிஞ்ச விஷயமில்ல. 2,000 வருஷத்துக்கு முன்னாடியே, காஷ்மீர்ப் பக்கம் வரும் மலைப்பாதையைப் பற்றிப் பேசிய ஒரு சீன அதிகாரி, "பெரிய தலைவலி மலை, சின்னத் தலைவலி மலை"ன்னு ரெண்டு மலையைக் குறிப்பிட்டிருக்கார். அங்க போனா தலைவலியும் வாந்தியும் வரும்னும் சொல்லியிருக்கார். பேரே நோய்க்குறி!

1590ல் வெளியான தன் புத்தகத்தில் அகோஸ்டா என்ற ஸ்பானியப் பாதிரியார், பெரு நாட்டு மலையில் தனக்கு வந்த வாந்தியையும் தவிப்பையும் எழுதி, அங்குள்ள காற்று மனுஷன் சுவாசிக்க முடியாத அளவுக்கு மெல்லியது என்றார்.

காரணத்தை சோதனை செய்து நிரூபித்தவர் பிரான்ஸைச் சேர்ந்த பால் பெர்ட், 1878ல். அதற்கு மூன்று வருஷம் முன்னாடி "செனித்" என்ற பலூனில் மூணு பேர் 8,000 மீட்டருக்கு மேல போனாங்க. உயிரோட திரும்பினது ஒருத்தர்தான்.

மேல போனாலும் காற்றில் ஆக்சிஜன் அதே 21 சதவீதம்தான். ஆனா காற்றழுத்தம் குறையுது. லேயில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைப்பது கடல் மட்டத்தில் கிடைப்பதில் ஏறத்தாழ மூணுல ரெண்டு பங்கு. 5,500 மீட்டரில் பாதி.

அப்போ அந்தக் காலத்துல எப்படிப் போனாங்க?

நடந்து போனாங்க. ஸ்ரீநகரில் இருந்து லேக்கு வியாபாரிகள் கூட்டம் குதிரையோட போய்ச் சேர ரெண்டு வாரத்துக்கு மேல ஆகும். தினம் கொஞ்சம் ஏறி, ராத்திரி தங்கி, அடுத்த நாள் இன்னும் கொஞ்சம். உடம்பு வேகமா மூச்சு வாங்கக் கத்துக்கும், ரத்தமும் மெல்ல மாறிக்கும். யாரும் டாக்டரைக் கேக்காமலே உடம்புக்கு அவகாசம் கிடைச்சது.

1948 மே மாதம் இந்திய விமானப்படையின் மெஹர் சிங், ஒரு டகோட்டா விமானத்தை முதன்முதலாக லேயில் இறக்கினார். லேயைக் காப்பாத்தப் படை அனுப்ப அது உதவியது. பெரிய சாதனை. ஆனா அன்னையில இருந்து, ரெண்டு வாரத்துல ஏறின உயரத்தை ரெண்டு மணி நேரத்துல ஏற முடிஞ்சது. உடம்பு மட்டும் அதே பழைய உடம்பு.

அதோட விலை 1962ல் தெரிஞ்சது.

அக்டோபர் 20ஆம் தேதி சீனப் போர் தொடங்குது. சமவெளியில் இருந்த படைகளை அவசர அவசரமா லடாக்குக்கும் அருணாச்சலப் பக்கமும் அனுப்புறாங்க. பலர்கிட்ட இருந்தது பருத்திச் சீருடையும் கேன்வாஸ் ஷூவும்தான்.

குண்டடி படாத, காய்ச்சல் இல்லாத, நல்ல திடகாத்திரமான இளைஞர்கள் போய்ச் சேர்ந்த ரெண்டு மூணு நாள்ல மூச்சுத் திணறி விழுந்தாங்க. இருமினா நுரை. சில பேருக்கு ரத்தம் கலந்த நுரை.

அதுவரை இப்படி வந்தா நிமோனியா என்றே பல மருத்துவர்கள் நினைத்தார்கள். பெரு நாட்டு மருத்துவர்கள் இதைப் பற்றி ஸ்பானிஷ் மொழியில் முன்பே எழுதியிருந்தார்கள். ஆங்கில மருத்துவ உலகம் கவனித்தது 1960ல் அமெரிக்க மருத்துவர் சார்லஸ் ஹூஸ்டன் எழுதிய பிறகுதான். இது கிருமி இல்லை, உயரத்தால் நுரையீரலில் நீர் கோர்க்கிறது என்றார். நாங்கள் ஹேப் என்று சொல்வது இதைத்தான்.

நம்ம ராணுவ மருத்துவர் இந்தர் சிங்கும் அவர் குழுவும் அந்த வீரர்களை ஒவ்வொருவராகப் பதிவு செய்தார்கள். 1965ல் லான்செட் இதழில் நுரையீரல் நீர்க்கோர்ப்பு வந்த 332 இந்திய வீரர்கள் பற்றிய கட்டுரை. 1969ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் மலைநோய் வந்த 1,925 வீரர்கள் பற்றிய கட்டுரை. உலகம் முழுக்க இன்னைக்கும் மலை மருத்துவம் படிக்கிறவங்க இதைத்தான் மேற்கோள் காட்டுறாங்க.

ஓரிரு நாளில் மேலே கொண்டுபோகப்பட்ட படைகளில் 100க்கு 2 பேரில் இருந்து 15 பேர் வரை நுரையீரலில் நீர் கோர்த்தது. எல்லாரும் உடல் தகுதித் தேர்வில் பாஸானவங்க.

இதை நல்லா மனசுல வச்சுக்கோங்க. ஜிம் போற பையனுக்கு வராது, வயசானவங்களுக்குத்தான் வரும் என்பது தப்பு. திடமா இருக்கிறவன்தான் வேகமா ஏறி மாட்டிக்குவான்.

இந்த அனுபவத்தில் இருந்து உருவானதுதான் நம்ம ராணுவத்தின் உயரப் பழக்க முறை. 2,700 முதல் 3,600 மீட்டர் வரை 6 நாள். அதுக்கு மேல 4,500 வரை இன்னும் 4 நாள். அதையும் தாண்டினா மறுபடி 4 நாள். முதல் கட்டத்தில் முதல் ரெண்டு நாள் முழு ஓய்வு. அப்புறம்தான் மெதுவா நடை.

உங்க டூர் பிளான்ல இருக்கிற "லே, ஓய்வு" என்ற அந்த ரெண்டு நாள் இதோட சுருக்கம்தான். ஓட்டல்காரன் பில்லு ஏத்துறதுக்குப் போட்டது இல்லைங்க. யாரோ ஒரு வீட்டுப் பிள்ளை மூச்சுத் திணறினதுல கிடைச்ச பாடம்.

இப்போ ஸ்வெட்டருக்கு வருவோம்.

பள்ளிபாளையம், குமாரபாளையம் தறியில ஓடுற பருத்தி நம்ம வெயிலுக்கு வரப்பிரசாதம். வேர்வையைக் குடிச்சு, மெல்லக் காஞ்சு, உடம்பைக் குளிர்விக்கும். பனியில் அதே குணம்தான் ஆபத்து. ஏறும்போது வேர்த்து நனைஞ்ச பருத்தி பனியன், நின்னவுடனே உடம்புச் சூட்டை உறிஞ்சிடும்.

ஆடு மேய்க்கிறவங்க தோள்ல கிடக்குற கருப்புக் கம்பளியைப் பார்த்திருப்பீங்க. மழையில நனைஞ்சாலும் கொஞ்சம் கதகதப்பு கொடுக்கும். அதுதான் கம்பளியோட குணம்.

ஆகவே மூணு அடுக்கு. உடம்போட ஒட்டி பாலியஸ்டர் அல்லது மெல்லிய கம்பளி, நடுவுல தடிச்ச கம்பளி அல்லது ஃபிளீஸ், வெளியே காத்தும் தண்ணியும் புகாத ஜாக்கெட். வேர்க்கிறதுக்கு முன்னாடி ஒண்ணைக் கழட்டணும், நிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணைப் போடணும். மாத்திக்கக் காஞ்ச சாக்ஸ் கட்டாயம்.

விரல் மரத்து வெளுத்துப் போனா என்ன செய்யணும்? இதுக்கும் ஒரு வரலாறு.

1812ல் நெப்போலியன் படை ரஷ்யாவில் இருந்து பின்வாங்கியபோது, அதன் தலைமை மருத்துவர் லாரே, உறைந்த கை கால்களை நெருப்பில் காட்டியவர்களுக்கு அழுகல் வருவதைப் பார்த்தார். அவர் கவனித்தது சரி. ஆனால் அதற்கு மாற்றாகப் பனிக்கட்டியால் தேய்க்கச் சொன்னார். அந்தத் தவறான வைத்தியம் நூறு வருஷத்துக்கு மேல் நீடித்தது. அலாஸ்காவில் வில்லியம் மில்ஸ் என்ற மருத்துவர் 1950கள், 60களில் வெதுவெதுப்பான நீரே சரி என்று காட்டினார்.

எனவே தேய்க்காதீங்க, நெருப்புல காட்டாதீங்க. 37 முதல் 39 டிகிரி நீரில் வைக்கணும். அதுவும் மறுபடி உறையாத பாதுகாப்பான இடத்துக்கு வந்த பிறகுதான். "ஒரு கட்டிங் போட்டா சூடாகும்"னு சொல்ற நண்பரை நம்பாதீங்க. மது தோல் ரத்தக்குழாயை விரிச்சு, உள்சூட்டை வெளிய விட்டுடும். உயரத்துல மூச்சையும் மந்தமாக்கும். தூக்க மாத்திரையும் அப்படித்தான்.

ஐஸ்லாந்து மாதிரி இடத்துல வழிகாட்டியோட போற பனியாறுகள் சில, நம்ம ஏற்காட்டை விடவே தாழ்வு. அங்க உயர நோய் பயம் இல்ல. குளிர், காத்து, பனியில் மறைஞ்சிருக்கிற பிளவு, இதுதான் பயம். பூட்ஸுக்கு அடியில இரும்புப் பல் மாட்டிவிட்டு, ஹெல்மெட் கொடுத்து, "என் பின்னாடியே வாங்க"ன்னு வழிகாட்டி சொன்னா, செல்ஃபிக்காக நாலடி விலகாதீங்க.

சரி, நம்ம ஊர்ல இருந்தே எப்படித் தயாராகலாம்?

• ரெண்டு மூணு மாசம் முன்னாடியே தொடங்குங்க. திருச்செங்கோடு மலைப்படி, கொல்லிமலை ஆகாய கங்கைப் படி ரெண்டுமே நல்ல பயிற்சி. ஏறுறதை விட இறங்கும்போதுதான் தொடையும் முட்டியும் பழகும். வாங்கின பூட்ஸை அங்கேயே போட்டுப் பழக்குங்க.

• ரத்தசோகை இருக்கான்னு பாருங்க, முக்கியமா பெண்கள். இதயம், நுரையீரல், பிரஷர், சர்க்கரை இருக்கிறவங்க டாக்டரைப் பார்க்காம டிக்கெட் போடாதீங்க. இன்சுலின் உறைஞ்சா வேஸ்ட், சட்டைக்குள்ள உடம்போட ஒட்டி வச்சுக்கணும்.

• உயர நோயைத் தடுக்க அசிட்டசோலமைடு மாத்திரை உண்டு. சல்பா அலர்ஜி இருக்கா, வேற மாத்திரை சாப்பிடுறீங்களா என்பதைப் பொறுத்து உங்க டாக்டர்தான் முடிவு பண்ணணும். மாத்திரை போட்டாச்சுன்னு ஓய்வைக் குறைக்கக் கூடாது.

• லேக்குத் தரை வழியா போறதா இருந்தா ஸ்ரீநகர், கார்கில் வழி உடம்புக்கு இதமானது. மணாலி வழியில் சீக்கிரமே 4,000 மீட்டருக்கு மேல சர்ச்சுவில் ராத்திரி தங்க வேண்டி வரும். பைக்ல போற தம்பிகளும், வடக்கே லாரி, ரிக் வண்டி ஓட்டுற நம்ம திருச்செங்கோடு, சங்ககிரி அண்ணன்களும் இதைக் கவனிக்கணும்.

• 3,000 மீட்டருக்கு மேல, படுக்கிற இடத்தோட உயரம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல கூடக் கூடாது. மூணு நாலு நாளைக்கு ஒரு நாள் ஓய்வு.

• உயரத்துல தலைவலி, வாந்தி வந்தா, வேற காரணம் நிரூபணமாகும் வரை அது உயர நோய்தான். அதோட மேல ஏறாதீங்க. சும்மா உக்காந்திருக்கும்போதே மூச்சு வாங்குது, நடை தள்ளாடுது, பேச்சு குழறுதுன்னா ராத்திரின்னு பார்க்காம உடனே கீழ இறக்குங்க. ஆக்சிஜன் இருந்தா கொடுத்துக்கிட்டே இறக்குங்க. கூட ஒருத்தர் கட்டாயம் போகணும்.

"இவ்வளவு செலவு பண்ணி வந்துட்டு தரிசனம் பண்ணாமத் திரும்புறதா?"ன்னு கேப்பீங்க.

கைலாயத்துக்கு நடந்து, முடியாமல் தவழ்ந்து, உடம்பு தேய்ந்த நாவுக்கரசரையே இறைவன் திருப்பி அனுப்பி, திருவையாற்றில் காட்சி கொடுத்ததாகப் பெரியபுராணம் சொல்லுது. அப்பரே திரும்பியிருக்கார். நாம திரும்பினா ஒரு குறையும் இல்லை.

மலை அடுத்த வருஷமும் அங்கேயேதான் இருக்கும். லே போய் இறங்குறவங்க அந்த ரெண்டு நாளும் ரூம்ல படுங்க, தண்ணி குடிங்க, ஜன்னல் வழியா மலையைப் பாருங்க. மூணாவது நாள் மெதுவா கிளம்புங்க.

குடும்ப குரூப்ல யாராவது லடாக்குக்கோ கேதார்நாத்துக்கோ டிக்கெட் போட்டிருந்தா, இதை அவங்களுக்கு அனுப்பி வைங்க.