காலில் வலி, முதுகில் காரணம்

இடுப்பில் தொடங்கி, பின்தொடை வழியாகப் பாதம் வரை சுண்டி இழுக்கும் வலி. கூடவே கால் மரத்துப் போவது... சியாட்டிகா என்னும் இந்தத் தொல்லை மிகப் பழையது. ஆனால் முதுகெலும்புகளுக்கு இடையே உள்ள டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துவதுதான் பெரும்பாலும் இதற்குக் காரணம் என்பது 20-ஆம் நூற்றாண்டில்தான் தெளிவானது.

1764-ல் இத்தாலிய மருத்துவர் டொமெனிகோ கொட்டுன்யோ இந்த வலிக்கென்றே ஒரு நூல் எழுதினார். இது இடுப்பு மூட்டு வலி அல்ல, நரம்பு வலி என்று பிரித்துக் காட்டியவர் அவர். நரம்புறையில் நீர் தேங்குவதே காரணம் என்று அவர் நினைத்தது வேறு விஷயம்!

இதில் வேடிக்கை என்னவென்றால், உண்மையான காரணத்தை மருத்துவர்கள் கையில் எடுத்துப் பார்த்தும் அடையாளம் தெரியாமல் விட்டதுதான். 1908-ல் பெர்லினில் ஃபெடோர் கிராவுசே, நரம்பியல் மருத்துவர் ஓப்பன்ஹைமின் கணிப்பை நம்பி ஒரு நோயாளியின் முதுகைத் திறந்தார். நரம்பை அழுத்திய துண்டை அகற்றினார். நோயாளி குணமடைந்தார். ஆனால் இருவரும் அதைக் குருத்தெலும்புக் கட்டி என்றே எழுதிவைத்தார்கள்.

விடை பாஸ்டன் நகரில் கிடைத்தது. 1932-ல் 'கட்டி' என்று வெட்டி எடுத்த ஒரு துண்டு டிஸ்க்கின் பகுதிபோல இருக்கிறதே என்று ஜோசப் பார் சந்தேகப்பட்டார். மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் சேமித்திருந்த பழைய 'கட்டி'களை மறுபடி ஆராய்ந்தபோது, அவற்றில் பலவும் டிஸ்க்கே! அவரும் வில்லியம் மிக்ஸ்டரும் 1934-ல் இதை வெளியிட்டார்கள்.

அதன்பின் கத்தி வேகம் பிடித்தது. கால் வலியா, டிஸ்க்கை எடு என்று பல மருத்துவமனைகள் இறங்கின. அறுவை செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று ஒழுங்காக ஒப்பிட்டுப் பார்க்க ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆனது என்பது ஆச்சரியம்தான். நார்வேயின் ஹென்ரிக் வெபர், அறுவை அவசியமா என்று உறுதியாகச் சொல்ல முடியாத 126 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, 10 ஆண்டுகள் கவனித்து 1983-ல் முடிவை வெளியிட்டார். முதல் ஆண்டில் அறுவை செய்துகொண்டவர்களே நன்றாக இருந்தார்கள். நான்காம் ஆண்டில் பெரிய வித்தியாசம் இல்லை. மரத்துப்போன உணர்வு மட்டும் இரு பிரிவிலும் சிலருக்கு நீடித்தது.

படுத்தே கிடக்க வேண்டும் என்ற நம்பிக்கையும் பிறகு ஆட்டம் கண்டது. 1999-ல் நெதர்லாந்தில் 183 பேரிடம் நடந்த ஆய்வில், 12 வாரம் கழித்து, படுக்கையில் கிடந்தவர்கள், நடமாடியவர்கள் இரு பிரிவிலும் 87 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள்.

ஆனால் சிறுநீர் பிரியாமல் நின்றுவிட்டாலோ, மலம் அடக்க முடியாமல் போனாலோ, தொடைகளுக்கு நடுவே உணர்ச்சி மறைந்தாலோ, கால் பலம் குறைந்துகொண்டே போனாலோ இந்தக் காத்திருப்புக் கணக்கு பொருந்தாது. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.